சிவப்பு லீட்

உள்ளறையில் மல்டிமீட்டர் 'பீப்' என்றது. கால்சட்டைப் பைக்குள் இருந்த நிலாமின் கை அப்படியே நின்றது. தொட்டு அளக்கும் வயர்களான இரண்டு லீட்டும் உள்ளே முறியாமல் இருந்து, முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் அது கத்தும். மீட்டரில் இப்போது இருக்கும் சிவப்பு லீட்டின் உள்கம்பியைக் காலையில் முறித்தவன் நிலாம். நல்ல லீட் அவன் பைக்குள் இருந்தது.

வெள்ளவத்தையில் மீட்டர் திருத்தும் அந்தக் கடையில் அவனுக்குப் பதினொரு வருடம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த டெரிக்குக்கு எட்டே மாதம். நேற்று முதலாளி ராசிக் ஹாஜியார், "இனி கடைத் தொறப்பு டெரிக்ட கையில ஈக்கட்டும்" என்று சாவியை அவனிடம் கொடுத்ததை நிலாமால் பொறுக்க முடியவில்லை.

நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும் ஆயிரம் வோல்ட் டெஸ்டரைக் கழற்றினால் டெரிக் முதலில் மீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்ப்பான். அது சரியென்றால் டெஸ்டரில் வைப்பான். பூச்சியம் காட்டினால்தான் உள்ளே கையை வைப்பான். இன்று பிளக்கில் பார்த்துவிட்டுப் பிளேன்டீ எடுக்கப் போனான். அந்த இடைவெளியில் நிலாம் லீட்டை மாற்றினான். முறிந்த லீட்டில் எல்லாமே பூச்சியம்தான். கரண்ட் அடி ஒன்று வாங்கி ஹாஜியார் முன்னால் நடுங்கட்டும். அவ்வளவுதான் நினைத்தான்.

அரை மணிக்கு முன் உள்ளே 'டப்' என்று கேட்டது. நிலாம் எழும்பவில்லை. காலி வீதி பஸ்களின் ஹோனும், தகரத்தில் விழும் பகல் மழையும், கடலோரம் போன ரயிலின் அதிர்வும் அடங்கிய பிறகு, ஈயப் புகையோடு மயிர் கருகிய மணமும் மெல்ல மெல்லக் கதவுக்கு வெளியே வந்தது.

"நிலாம் நானா, அந்த ரெட் லீட்டைக் கொஞ்சம் தாங்கோ."

தினமும் கேட்கிற அதே குரல். தலை நிமிராமல், கையை மட்டும் நீட்டிக் கேட்பான்.

"டெரிக்?"

பைக்குள் விரல் லீட்டில் பட்டது. பீப். விரலை எடுத்தான். நின்றது. மறுபடி தொட்டான்.

பீப்.

லீட்டை வெளியே எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

டெரிக் டெஸ்டரின் மேல் கவிழ்ந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. பிளேன்டீயில் ஈ மிதந்தது. ஒரு கையில் கறுப்பு லீட். முறிந்த சிவப்பு லீட் நிலத்தில்.

மற்றக் கை கதவை நோக்கி நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்து.

நிலாம் லீட்டை எறியப் பார்த்தான். விரல்கள் விடவில்லை. கால் தானாக அந்த உள்ளங்கையை நோக்கி ஒரு அடி முன்னால் போனது. இன்னொரு அடி.

பீப் நிற்கவில்லை.