பிணத்துடன் வீடு விற்பனைக்கு!

"வீ...ல்ல்ல்!"

சந்திரகலாவின் அலறலில் மந்தாரக்குப்பம் பழைய கடைத்தெருவே ஒரு கணம் உறைந்தது.

டீக்கடையில் பஜ்ஜி கருகியது. பூக்கடைக்காரி முழம் போட்ட கையை அந்தரத்தில் நிறுத்தினாள்.

அந்த ஓட்டு வீட்டின் பின்கட்டு அறையில்...

ஒருவன் குப்புறக் கிடந்தான்!

முதுகில் கத்தி. பிடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. கட்டம் போட்ட லுங்கியைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு குட்டை!

"ஏங்க... பொணம்ங்க!"

அவள் கணவர் சங்கரலிங்கம் நிதானமாக உள்ளே எட்டிப் பார்த்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் ஃபோர்மேன். அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இந்த வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பிணத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"தேக்கு மாதிரிதான் இருக்கு. ஆனா கரையான் அரிச்சிருக்குமோ?"

"ஏங்க! கீழே ஒருத்தன் செத்துக் கெடக்கான்!"

"அதான் பாக்கேன்லா. கெடக்கான். எங்க போயிரப் போறான்?"

புரோக்கர் வேலுமணி ஓடி வந்தான். பார்த்தான்.

"ஐயோ... நேத்து பூட்டச்சே நல்லாத்தானுங்க இருந்திச்சு!"

"யாரு, இந்த ஆளா?"

"வூடுங்க!"

மூவரும் தெருவுக்கு ஓடினார்கள்.

சந்திரகலாவுக்குப் பயத்தைவிட ஏமாற்றம் பெரிதாக இருந்தது. கல்யாணமாகி சங்கரன்கோவிலிலிருந்து வந்த நாள் முதல் கம்பெனி வீட்டிலேயே வாழ்ந்துவிட்டாள். சுவருக்கு என்ன வண்ணம் என்று கம்பெனி சொல்லும். அவள் வைத்த மாமரம் காய்க்கும். ஆனால் மரம் கம்பெனியுடையது. அப்பா வழியில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்று, அந்தப் பணத்தை அப்படியே வைத்திருந்தாள். ஒரு வீட்டுக்காக. தன் வீட்டுக்காக!

வடலூர் பக்கம் புதுப்புது மனைகள் காட்டினார்கள். பிடிக்கவில்லை. இந்தப் பழைய தெருவுக்குள் நுழைந்ததும் பிடித்துவிட்டது. சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்து ஓட்டு வீடுகள்... கனத்த கதவுகள்... எதிர்வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும் நெருக்கம்.

பார்த்த முதல் நாளே வேலுமணி ஒரு கதை வேறு சொல்லியிருந்தான்.

"சாதாரண வூடுன்னு நெனைக்காதீங்கம்மா. அந்தக் காலத்துல ஜெர்மன் இஞ்சினீயரு தங்கினு இருந்த வூடு. ஹெரிடேஜ்!"

வீட்டுக்காரி அமிர்தம் உடனே மறுத்துவிட்டாள்.

"எந்த ஜெர்மன்காரன்யா தங்கினான்? எங்க மாமனாரு மாடுதான் கட்டினு இருந்தாரு!"

சந்திரகலாவுக்கு அந்த நேர்மையும் பிடித்திருந்தது.

இப்போது நேர்மையான அந்த வீட்டில்... ஒரு பிணம்!

இன்ஸ்பெக்டர் ராஜ்மோகனின் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. அதற்குள் வாசலில் திருவிழாக் கூட்டம். இரண்டு பேர் பிணத்துக்காக வந்தவர்கள். மீதிப் பேர் வீட்டின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொலை வுழுந்த வூடுன்னா சல்லிசாக் குடுத்துடுவாங்க இல்ல?"

"நகருங்கய்யா!" ராஜ்மோகன் லத்தியால் வழி விலக்கினார். "பாடி எங்கே?"

"பின்கட்டு அறையில சார்," என்றாள் சந்திரகலா.

போனார்கள்.

அறை காலி!

குட்டை இருந்தது. கத்தியும் லுங்கியும் மனிதனும்... மாயம்!

"என்னம்மா விளையாடறீங்களா?"

"சத்தியமா இங்கதான் சார் கெடந்தான்! மூணு பேரும் பார்த்தோம்!"

"தூக்கினு போயிருப்பாங்க சார்," என்றான் வேலுமணி வியர்வையைத் துடைத்தபடி.

"வாசல்ல இவ்வளவு கூட்டம். எது வழியாத் தூக்கினு போவான்?"

ராஜ்மோகன் அறை அறையாக நடந்தார். அடுப்படி... பூஜை அறை... குளியலறை. குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்.

"தண்ணி எப்படி? போரா?"

"போர்தானுங்க. இளநி மாதிரி இருக்கும்," என்றான் வேலுமணி.

"கார் நிக்குமா?"

"சின்னக் காரு நிக்குமுங்க."

"சார்!" சந்திரகலாவின் குரல் உயர்ந்தது. "கொலையை விசாரிங்க சார்!"

"ம்... ம்... விசாரிச்சுக்கினுதானே இருக்கேன்!"

அப்போது வாசலில் ஒப்பாரி கேட்டது. அமிர்தம்! சமையல் கரண்டியும் கையுமாக, தான் தங்கி நடத்தும் மெஸ்ஸிலிருந்து ஓடி வந்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது.

"அய்யய்யோ... என் வூட்டுல கொலையா? இத வித்துட்டு லிஃப்ட் வச்ச ஃப்ளாட்டுக்குப் போலாம்னு இருந்தேனே! முட்டி வலியோட எத்தினி நாளைக்கு இந்த ஓட்டைக் கட்டிக்கினு அழுவேன்? இனிமே எவன் வாங்குவான்?"

சங்கரலிங்கம் அவளருகே போனார். குரலில் வெண்ணெய் தடவினார்.

"அழாதீங்கம்மா. மனுசனுக்கு மனுசன் உதவாட்டா எப்படி? நானே வாங்கிக்கிடுதேன்."

அமிர்தம் நிமிர்ந்தாள்.

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான். ஆனா வெலை... நீங்களே சொல்லுங்க. இந்த நெலமையில எவ்வளவு நியாயம்?"

"பாதிக்குக் குடுத்துட்றேன் சார்! இந்தப் பீடையை என் தலையில இருந்து எறக்கி வுடுங்க, போதும்!"

சங்கரலிங்கத்தின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டியது. சந்திரகலா அதைக் கவனித்தாள். ஆச்சரியப்படவில்லை. கோயில் வாசலில் கற்பூரத்துக்கே பேரம் பேசுகிற மனிதர்.

"வேலுமணி! நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிருவோம்!"

சந்திரகலாவுக்கு வீடு கிடைத்துவிட்டது! பாதி விலையில்! மிச்சப் பணத்தில் ஓட்டை மாற்றலாம்... சமையலறையைப் பெரிதாக்கலாம்...

தற்செயலாகக் குனிந்தாள்.

சிவப்புக் குட்டையின் ஓரத்தில்... ஏதோ ஊர்ந்தது.

எறும்பு!

ஒன்றல்ல. பத்தல்ல. ஒரு படையே! கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டுகிற மாதிரி முண்டிக்கொண்டு நின்றன செவ்வெறும்புகள்.

இன்னும் குனிந்தாள். மூக்கில் ஒரு வாசனை ஏறியது.

ரோஜா!

புரிந்துவிட்டது.

நிமிர்ந்தாள். அமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் எறும்பைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால்... வீடு பாதி விலை!

திறந்தால்?

இவ்வளவு வருஷம் காத்திருந்து வாங்குகிற ஒரே வீடு. அதில் காலையில் எழுந்து காபி போடும்போது, ஏமாந்த ஒருத்தியின் அழுகை நினைவு வந்தால் அந்தக் காபி தொண்டையில் இறங்குமா?

"அமிர்தம் அக்கா! விலையைக் குறைக்காதீங்க!"

அத்தனை தலைகளும் திரும்பின.

சந்திரகலா குட்டையில் விரலை வைத்தாள். எடுத்தாள். நாக்கில் வைத்தாள்!

"ஐயய்யோ!" கூட்டம் அலறியது. பூக்கடைக்காரி மயங்கி டீக்கடைக்காரர் மேலேயே சாய்ந்தாள்.

"ஏட்டி! கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?" சங்கரலிங்கம் பதறினார்.

சந்திரகலா சப்புக்கொட்டினாள்.

"ரோஸ் சர்பத்! சக்கரை கொஞ்சம் தூக்கல்!"

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது.

ராஜ்மோகன் மண்டியிட்டார். முகர்ந்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கை நேராக வேலுமணியின் சட்டைக் காலருக்குப் போனது.

"சாவி உங்கிட்டதானேடா இருந்தது? விலையை இறக்க டிராமாவா போடறே?"

"சார்... சார்... நானு இல்லீங்க சார்!"

"பின்னே யாரு? உங்க ஜெர்மன் இஞ்சினீயரா?"

"யோசிச்சுப் பாருங்க சார்! எனக்குக் கமிஷன் வெலையிலதானுங்க. வெலை பாதின்னா கமிஷனும் பாதி! எந்தப் புரோக்கராவது தன் வயித்துல தானே குத்திக்குவானா?"

ராஜ்மோகனின் பிடி தளர்ந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"சாவியை வேற யாருக்காவது குடுத்தியா?"

வேலுமணி வாயைத் திறந்தான். அதற்குள் சந்திரகலா கேட்டாள்.

"அக்கா, பின்கதவு பூட்டியா இருக்கு?"

"ஆமாம்மா. குரங்குத் தொல்லைன்னு காலையிலதான் வந்து, உள்ள நுழையாமலே வெளிய பூட்டுப் போட்டுட்டுப் போனேன்."

"அப்போ..." அவள் குரல் கிசுகிசுப்பானது. "முன்னாடி கூட்டம். பின்னாடி பூட்டு. அந்தப் பிணம் இன்னும் இந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கு சார்!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

சந்திரகலா எறும்பு வரிசையைப் பார்த்தாள். அது குட்டையோடு நிற்கவில்லை. சுவரோரம் போனது... அடுப்படி நிலையைத் தாண்டியது... மரஏணியில் ஏறியது... பழைய அண்டா குண்டா அடுக்கியிருந்த பரணுக்குள் புகுந்தது!

ராஜ்மோகன் துப்பாக்கியை எடுத்தார்.

"யாரடா மேலே? மரியாதையா இறங்கு!"

ஒரு நொடி...

"அம்மாடியோவ்! கடிக்குதே! முதுகெல்லாம் கடிக்குதே!"

பிணம் அலறியது!

ஒரு பித்தளை அண்டா முதலில் உருண்டு விழுந்தது. அதன் பின்னாலேயே தொப்பென்று ஒரு மனிதன்! முதுகில் கத்திப்பிடி சட்டையோடு சேர்த்து ஒட்டியிருந்தது. சட்டையில் சர்பத். சர்பத்தில் எறும்பு. லுங்கியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் குதித்தான்.

"தண்ணி ஊத்துங்க! கும்புட்றேன், யாராவது தண்ணி ஊத்துங்க!"

அமிர்தம் ஒரு குடத்தைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தாள். அடுத்த கணம் கரண்டியால் ஒன்று வைத்தாள்.

"கட்டையில போறவனே! என் வூடா கெடச்சிது ஒனக்குச் சாவறதுக்கு?"

"நான் சாவலீங்க! கூலிக்குப் படுத்தேங்க!"

"பேர் என்னடா?" ராஜ்மோகன் அதட்டினார்.

"குமரவேலுங்க. மைன்ஸ்ல கான்ட்ராக்ட் லேபரு. கோயில் திருவிழாவுல நாடகம் போடுவேன். பின்கதவு வழியா ஓடிப் போயிடுன்னு சொன்னாருங்க. கதவு தெறக்கல. பரண்ல ஏறிட்டேன்."

"சொன்னாரா? யார் சொன்னாரு?"

குமரவேல் தயங்கினான். நனைந்த கண்ணிமையைச் சிமிட்டினான். மெல்லக் கையைத் தூக்கினான்.

அந்த விரல் வேலுமணியைக் கடந்தது.

அமிர்தத்தைக் கடந்தது.

நின்றது!

"எங்க ஷிப்ட் ஃபோர்மேன் சாருங்க!"

சந்திரகலா திரும்பினாள்.

சங்கரலிங்கம் மறுபடியும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

"ஆமா சார்!" வேலுமணி துள்ளினான். "நேத்து சாயந்திரம் உத்தரத்தை அளக்கணும்னு இவருதானுங்க சாவி வாங்கினு போனாரு! காலையிலதானுங்க திருப்பிக் குடுத்தாரு!"

"ஏங்க..." சந்திரகலா கணவரின் முன்னால் போய் நின்றாள். "நீங்களா?"

"ஏட்டி... வெலை ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சுட்டி. மிச்சம் புடிச்சா ஒரு காரு வாங்கலாம்னு... நம்ம நல்லதுக்குத்தான்..."

"எங்க அப்பா நிலத்துப் பணம்ங்க அது! என் பணத்துல மிச்சம் பிடிக்க, என்னையே அலற விட்டீங்களா?"

"நீ அலறுனாத்தானே நெசம் மாதிரி இருக்கும்? ஒனக்கு நடிக்க வராதுல்லா..."

அவள் அழவில்லை. அறையவும் இல்லை. ஒரு பார்வை பார்த்தாள். சங்கரலிங்கம் உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கித் தரையில் போட்டார்.

ராஜ்மோகன் குமரவேலைக் கேட்டார்.

"இதுக்கு எவ்வளவுடா கொடுத்தாரு?"

"காசு வாங்கலீங்க. என்னைப் பர்மனென்ட் ஆக்கி வுட்றேன்னு சொன்னாருங்க."

"அடப்பாவி! அவரே அடுத்த மாசத்தோட பர்மனென்ட் இல்லையேடா!" என்றான் வேலுமணி.

குமரவேலின் முகம் விழுந்தது. எறும்புக் கடியைவிட அது ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். சொறிவதையே நிறுத்திவிட்டான்.

அமிர்தம் கரண்டியை இடுப்பில் செருகினாள். சந்திரகலாவின் கையைப் பிடித்தாள்.

"வாயை மூடிக்கினு இருந்தா பாதி வெலைக்கு வூடு ஒனக்கு. ஏம்மா சொன்ன?"

"மனசு கேக்கலக்கா."

"அப்ப நானும் சொல்றேன், கேட்டுக்க. முன்ன பேசின அதே வெலை. வூடு ஒனக்குத்தான். ஜெர்மன்காரனே திரும்பி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு... பத்திரம் உம் பேர்ல மட்டும். இந்தாளு பேரு சாட்சிக் கையெழுத்துலகூட வரக் கூடாது!"

"சம்மதம்க்கா," என்றாள் சந்திரகலா. குரல் உடைந்தது. உடைந்த குரலிலும் ஒரு சிரிப்பு இருந்தது.

"ஏட்டி சந்திரா!" சங்கரலிங்கம் பதறினார். "அப்ப நான் எங்க இருக்கது? குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணுமே!"

இன்ஸ்பெக்டர் ராஜ்மோகன் அன்போடு அவர் தோளில் கை போட்டு ஜீப்பைக் காட்டினார்.

"கவலையே படாதீங்க சார்! எங்க ஸ்டேஷன்ல உங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணியாச்சு. கரண்ட் ஃப்ரீ... தண்ணி ஃப்ரீ... கதவை நீங்க பூட்டக்கூட வேணாம்... நாங்களே வெளியே பூட்டிப்போம்!"