நீல டேப்

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்படியும் அந்த வெள்ளைக் கார் சூடாகவே இருந்தது. வெயில் இன்னும் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தங்கப்பழம் கதவின் மேல் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரம் இருபது வருடமாகக் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர் அவர். இந்த வண்டி முந்தின நாள் சாயங்காலம் வந்தது. செல்வக்குமார் என்றொரு இளைஞன் சிவகிரியில் பழையதாக வாங்கியிருந்தான். வண்டிக்கு இருபத்திரண்டு வயது.

"தொட்டாலே வயரு உதிருது அண்ணாச்சி. பூராத்தையும் மாத்திருங்க. பிள்ளைய வச்சு ஓட்டுத வண்டி."

சரி என்று தலையாட்டினார். முழு வயரிங் வேலை என்று அவரிடம் ஒரு வண்டி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

கடைசியாக அப்படி வந்தது பிரேமலதா டீச்சரின் கார். டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர்களின் மேல்தோல் வெடித்துச் செம்பு தெரிந்தது. பெட்ரோல் ஹோஸ் விரலால் அழுத்தினால் விரிசல் விட்டது. எல்லாம் மாற்ற இரண்டு நாள் ஆகும். டீச்சருக்கு அவசரம், அவருக்கும் அன்று உடம்பு வளையவில்லை. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நீல டேப்பைச் சுற்றி, "ஒண்ணும் ஆவாது டீச்சர், போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேருமுன் வண்டி பற்றிக்கொண்டது. கதவு திறக்காமல் டீச்சர் உள்ளேயே கருகிப்போனார். தங்கப்பழமும் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. மனைவி சங்கரம்மாள் போட்டதைத் தின்றார். மகள் கல்யாணத்தில் வந்தவர்களைக் கும்பிட்டார். ஒருநாள் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பட்டு விரல் கருகியதைக்கூட வாடையை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

இடப்பக்கக் கதவைத் திறந்து, கால்களை வெளியே விட்டு மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். கட்டாக ஓடிய வயர்களைப் பற்றி இழுத்ததும் பழைய உறை கரித்தூளாகி முகத்தில் கொட்டியது. ரோட்டில் பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பும் லோடு ஆட்டோ விட்டுப்போன மல்லிகை வாசனையும், காய்ந்த ரப்பரின் நாற்றமும், அதற்கும் அடியில் முடி பொசுங்கியது போன்ற ஒரு வாடையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின.

உறைக்குள் நீல டேப் இருந்தது.

டேப்பைச் சுற்றி முடிக்கும்போது நுனியை ஒரு மடி மடித்து விடுவது அவர் பழக்கம். பின்னால் பிரிக்கிறவனுக்கு நகம் கொடுக்க வசதியாக இருக்கும். இந்த டேப்பின் நுனியும் மடித்திருந்தது. இந்த வண்டியை அவர் நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். அடுத்த வயரிலும் நீல டேப். அதற்கடுத்ததிலும். ஒன்றைப் பிரித்தார். உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. செம்பு சுட்டிருக்க வேண்டும். விரல் நுனியில் கொப்புளம் எழுந்தது. வலிக்கவில்லை.

மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது.

தலையைத் திருப்பினார்.

கிளட்ச்சின் மேல் ஒரு பாதம்.

பிரேக்கின் மேல் இன்னொன்று. கருத்து, வெடித்து, உள்ளே சிவப்பாக. சேலைக் கரை கணுக்காலோடு ஒட்டியிருந்தது. பயம் எங்கோ பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி தூரத்தில் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு எழவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். செல்வக்குமார். டிரைவர் பக்கக் கதவு திறந்தது. வெளிச்சம் அந்தக் கால்களின் மேல் விழுந்தது.

"அண்ணாச்சி, ஸ்டேரிங்கைப் பிடிக்கணும்னு அனு ஒரே அழுகை. சித்த நேரம் இங்கன இருக்கட்டும். டீ சொல்லிட்டு வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். கரித்தூள் நாக்கில் ஒட்டியது. சத்தம் வரவில்லை.

பிள்ளையை உட்கார வைத்தான். கதவைச் சாத்தினான். செருப்புச் சத்தம் போய்விட்டது.

கொலுசு போட்ட இரண்டு சின்னக் கால்கள் அந்த முழங்கால்களுக்கு நடுவே தொங்கின. ஆடின. ஒரு கருத்த கை மெதுவாக வந்து பிள்ளையின் வயிற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

அனு அண்ணாந்து மேலே பார்த்தாள். சிரித்தாள்.