நான்காம் கேபினின் முதல் துண்டு

கொல்கத்தாவின் ஹாத்திபாகானில் டாக்சியை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடை ஒன்றுதான் இருந்தது. அதைப் புலகேஷ் விரித்துக்கொண்டு முன்னால் நடந்தான். சர்பாணி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, டிராம் தண்டவாளத்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி, நனைந்துகொண்டே பின்னால் வந்தாள். பாரிக் கேபின் என்ற சாப்பாட்டுக் கடைப் பலகைக்குக் கீழே போய் நின்றுகொண்டு அவன் திரும்பிப் பார்த்தான்.

"சீக்கிரம் வாயேன். மீன் தீர்ந்துடப் போகுது."

பெண்டாட்டி நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மீனைப் பற்றித்தான் கவலை.

வாரம் முழுக்க வங்கியில் கோப்பு பார்க்கும் புலகேஷ், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரிய ஆள். கொல்கத்தாவின் பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதுவான். "தாதா, உங்க நாக்குக்கு ஒரு கும்பிடு" என்று அண்ணன் முறை வைத்து ஆயிரம் பேர் கீழே எழுதுவார்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சர்பாணியின் கை தெரியும். கல்யாணமான வங்காளப் பெண்கள் போடும் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் போட்ட கை. தட்டுக்கு அது எடுப்பாக இருக்கிறதாம்.

கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் எந்தக் கடையிலும் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டதில்லை. அவன்தான் கேட்பான். வந்ததும் அவள் தட்டில் முதல் கை அவனுடையது. "டேஸ்ட் பாக்கறேன்" என்பான். டேஸ்ட் பார்ப்பது மீனின் வயிற்றுத் துண்டையும் சினையையும். அவளுக்கு மிஞ்சுவது வாலும் முள்ளும். அவன் அம்மா வீட்டிலும் அதேதான். தலையும் வயிறும் மகனுக்கு, வால் மருமகளுக்கு. கேட்டால், புருஷன் வயிறு நிறைந்தால் பெண்டாட்டி வயிறு நிறைந்தது போலத்தான் என்பாள் அந்த அம்மா. சர்பாணிக்கு ஒரு நாளும் அப்படி நிறைந்ததில்லை.

இன்று அவளுக்குப் பிறந்தநாள். அவளுக்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குச் சிலிகுரியில் ஒரு கிளை உண்டு. அங்கே தலைமையாசிரியையாகப் போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். போகிறேன் என்று சொல்வதாக அவள் முடிவு செய்துவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவனிடம் சொல்லலாம் என்றிருந்தாள்.

உள்ளே கூட்டம் நெரிந்தது. சுவரோரம் மரத்தடுப்பு வைத்த நான்கு கேபின்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் பச்சைத் திரை. மூன்றில் திரைக்குப் பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டன. கடைசிக் கேபின் மட்டும் காலி.

"அது தம்பதிக்குக் கொடுக்கறதில்லை தாதா" என்றார் பரிமாறும் நிதாய். வயதானவர், தோளில் ஈரத் துண்டு. "தனியா வர்ற பொம்பளைங்களுக்கு மட்டும்தான். கொஞ்சம் பொறுங்க, ஒண்ணாம் நம்பர் இப்போ எழுந்துடுவாங்க."

"நான் யாருன்னு தெரியுமா?" என்று புலகேஷ் போனை எடுத்துக் காட்டினான். "நாளைக்கு உங்க கடையைப் பத்தி நாலு வரி எழுதினா, அப்புறம் ஈ கூட வராது."

நிதாய் முதலாளியின் மேஜைப் பக்கம் பார்த்தார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நிதாய் திரையை விலக்கினார்.

உள்ளே பளிங்கு மேஜை, எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், சுவரில் ஆளைக் கூப்பிட ஒரு மணிப் பொத்தான். மழை ஈரமா என்னவோ, துவைத்துக் காயாத பருத்திப் புடவையின் வாடை அடித்தது. சர்பாணி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான்.

"எனக்குக் கடுகு அரைச்ச இலிஷ் மீன், காகா" என்று நிதாயைச் சித்தப்பா முறையில் கூப்பிட்டு அவள் முந்திக்கொண்டாள். "வயித்துத் துண்டு. சினையோட."

புலகேஷ் புருவத்தைத் தூக்கினான். "அடேங்கப்பா."

"இன்னைக்கு என் பிறந்தநாள். என் தட்டுல கை வைக்காதே."

"சரிங்க மகாராணி" என்று சிரித்தான்.

நிதாய் மூன்று தட்டுகள் கொண்டு வந்தார். இரண்டை அவர்கள் முன்னால் வைத்தார். மூன்றாவது சின்ன பித்தளைத் தட்டு. அதில் ஒரே ஒரு வயிற்றுத் துண்டு, சினை பிதுங்க, மேலே பச்சை மிளகாய். அதைச் சர்பாணியின் பக்கத்தில், பெஞ்சின் காலி இடத்துக்கு நேராக வைத்தார். வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார். வெளியிலிருந்து யாரோ அவரைக் கத்திக் கூப்பிட, திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா?" என்றான் புலகேஷ். "எழுதுவேன்னு சொன்னதும் ஓசியில ஒரு துண்டு வருது."

"யாருக்கோ வெச்சிருக்காங்க. எடுக்காதே."

அதற்குள் எடுத்துவிட்டான். இரண்டே வாயில் போயிற்று. முள்ளைத் துப்பிப் பித்தளைத் தட்டிலேயே போட்டான்.

"ஆகா" என்று விரலை நக்கினான். "ஆமா, மறந்தே போச்சு. உங்க பள்ளிக்கூடத்து செக்ரட்டரி நேத்து வீட்டுக்குப் போன் பண்ணினார். நீ குளிச்சிட்டு இருந்தே. சிலிகுரியெல்லாம் அவளுக்கு ஒத்துக்காது, வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

சர்பாணி பிசைந்த சோறு விரலிலேயே நின்றது.

"நீ சொல்லிட்டியா?"

"உனக்குச் சொல்லத் தயக்கமா இருக்கும்னுதான். உன் குணம் எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது. தட்டிலிருப்பதை எடுப்பது போலவே வாயிலிருப்பதையும் எடுத்துவிட்டான். அதையும் சிரித்துக்கொண்டே செய்திருக்கிறான். கத்த வேண்டும் போலிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் குரலை உயர்த்தக் கூடாதென்று வளர்க்கப்பட்டவள் அவள்.

வெளியே இடி இடித்தது. விளக்கு அணைந்தது.

கடை முழுக்க ஒரே முனகல். "ஜெனரேட்டர் போடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தடித்த திரைக்குள் மதிய வெளிச்சத்தின் பொட்டு கூட வரவில்லை.

"சரி, சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்றது புலகேஷின் குரல். "அந்தச் சினையில ஒரு ஓரம் மட்டும்..."

அவன் கை வருவதை அவள் கேட்டாள். சட்டைக் கை பளிங்கில் உரசிக்கொண்டு வந்தது.

பிறகு சத்தமே இல்லை.

ஈரப் புடவையின் வாடை இப்போது பக்கத்திலேயே இருந்தது.

"விடு சர்பாணி" என்றான் அவன் மெதுவாக.

அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

"விளையாடாதே. வலிக்குது, விடு."

அவளுடைய இடது கை சுவரில் மணிப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது. வலது கை அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"நான் உன்னைத் தொடவே இல்லை" என்றாள் விரல்களுக்கிடையே.

எதிரே மூச்சு நின்றது. பிறகு அவன் குரல் குழந்தைக் குரலாக வந்தது. "இந்தக் கையில வளையலே இல்லை..."

அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு கிறீச்சிட்டது. பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தது போல அவள் பக்கப் பலகை லேசாக அமிழ்ந்தது. குளிர்ந்த துணி அவள் முழங்கையில் பட்டது.

காதோரம் ஒரு குரல். அதில் பயமுறுத்தல் இல்லை. கோபம் இருந்தது. ஆற நேரமே கிடைக்காத கோபம்.

"நீ சாப்பிடு."

சர்பாணியின் விரல் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு அழுத்து போதும், நிதாய் ஓடி வந்துவிடுவார். எதிரே அவன், "மணியை அடி, மணியை அடி" என்று அழுதுகொண்டிருந்தான்.

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

தட்டைத் தடவினாள். மீன் அப்படியே இருந்தது. முதல் வாயை எடுத்து வைத்தாள். கடுகின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. சினை நாக்கில் உதிர்ந்தது. ஒவ்வொரு முள்ளாக உதட்டில் உருவித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். அவசரப்படவில்லை. எதிரே அவன் விம்மிக்கொண்டே இருந்தான். எலும்பு நெரிகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்று கூட அவள் வருத்தப்படவில்லை.

பாதி சினை மிஞ்சியபோது நிறுத்தினாள். பித்தளைத் தட்டைத் தடவி எடுத்து, அவன் துப்பிய முள்ளைத் தரையில் தள்ளினாள். சினையை அதில் வைத்து, காலி இடத்துப் பக்கம் நகர்த்தினாள்.

"இது உங்க பங்கு, தீதி" என்று அக்காவைக் கூப்பிடுவது போலச் சொன்னாள். "உங்களோடதை இவன் தின்னுட்டான்."

பக்கத்தில் மெல்லும் சத்தம் கேட்டது. ரொம்ப நாள் பசித்தவர்கள் மெல்லுகிற மாதிரி, நிதானமாக.

விளக்கு வந்தபோது பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் இல்லை. பித்தளைத் தட்டு கழுவி வைத்தது போலிருந்தது. புலகேஷ் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதைச் சுற்றிக் கருநீலமாக ஐந்து விரல் பதிந்திருந்தது.

திரையை விலக்கிய நிதாய் தரையில் கிடந்த முள்ளைப் பார்த்தார். அந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

"அதை யாரு தின்னது?" என்றார்.

அவர் சொன்னது கொஞ்சம்தான். அவருடைய அப்பா இங்கே பரிமாறிய காலம். இந்தத் தெருவில் நீரோதா என்று ஒரு விதவை. சின்ன வயது. விதவைக்கு மீன் ஆகாது. பச்சரிசிச் சோறும் உப்பில்லாமல் வேகவைத்த வாழைக்காயும்தான், அதுவும் ஒரு வேளை. அவள் யாருக்கும் தெரியாமல் இந்தத் திரைக்குப் பின்னால் வந்து ஒரு துண்டு மீன் தின்றுவிட்டுப் போவாள். ஒரு நாள் கொழுந்தன் மோப்பம் பிடித்து வந்தான். திரையைக் கிழித்தான். அத்தனை பேர் பார்க்க, அவள் வாய்க்குள் விரலை விட்டு மீனைத் தோண்டி எடுத்தான். சாப்பிட வந்த ஒருத்தர் கூட எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் கங்கையில பொணமா கிடைச்சா. அதுலேருந்து இந்தக் கேபின்ல முதல் துண்டு அவளுக்குத்தான், பௌதி" என்று அண்ணி முறை வைத்துச் சர்பாணியிடம் சொன்னார். "பொம்பளைங்களை ஒண்ணும் செய்ய மாட்டா. அடுத்தவ தட்டுல கை வைக்கிறவனைத்தான்..."

சர்பாணி கையைக் கழுவிக்கொண்டு, டாக்சிக்குக் காத்திருக்கும்போதே செக்ரட்டரிக்குப் போன் செய்தாள். "என் வீட்டுக்காரர் சொன்னது அவரோட விருப்பம் சார். நான் சொல்றது என்னோடது. சிலிகுரிக்குப் போறேன்."

இந்த முறை குடையை அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து புலகேஷின் நாக்கும் மூக்கும் செத்துப்போயின. எதை வாயில் வைத்தாலும் பச்சரிசிச் சோறும் உப்பில்லாத வாழைக்காயும். இறால், ஆட்டுக்கறி, ரசகுல்லா எல்லாவற்றிலும் அதே ருசிதான். டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையும் வாழைக்காயாகத்தான் இருந்தது.

சிலிகுரியில் சர்பாணி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கடைக்குப் போவாள். தனக்கு வேண்டியதைக் கேட்பாள். தட்டு வந்ததும் முதல் துண்டை ஒரு கிண்ணத்தில் எடுத்துப் பக்கத்து நாற்காலிக்கு நேராக வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். நன்றிக்காக அப்படி வைத்தாள். சாப்பிட்டு எழும்போது அந்தத் துண்டு அப்படியேதான் இருக்கும். அவளுக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு.

குளிர்காலத்தில் ஒரு மதியம், அப்படி ஒரு கடையில், அவள் மேஜை முன்னால் புலகேஷ் வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு மறைய இழுத்துப் பொத்தான் போட்டிருந்தான். கேட்காமலே எதிரே உட்கார்ந்தான்.

"இளைச்சுட்டே" என்றாள். உண்மையாகவே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"உன் சமையல் இல்லை. வீடு வீடா இல்லை." அவன் மேஜையைப் பார்த்துப் பேசினான். "செக்ரட்டரியைப் போய்ப் பாத்தேன். உனக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாசத்தோட வேலையை விட்டுடுவான்னு சொல்லிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு. ரெண்டு பேருக்கும்."

சர்பாணி அவனையே பார்த்தாள். வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது. உள்ளங்காலில் அந்தப் பழைய நெருப்பு ஏறியது.

அப்போது தட்டு வந்தது. சித்தல் மீனின் வயிற்றுத் துண்டுகள், பொன்னிறக் குழம்பில், இஞ்சி மணக்க. புலகேஷின் மூக்கு விடைத்தது.

"வாசனை வருது" என்றான். "சர்பாணி, எனக்கு வாசனை வருது. இத்தனை நாள்ல முதல் தடவை."

வெளியே நல்ல வெயில். மேலே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த மேஜையில் ஒரு குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது.

முதல் துண்டைக் கிண்ணத்தில் எடுக்கப் போன சர்பாணியின் கை நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். தட்டை மெதுவாக அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள்.

"எடுத்துக்கோ" என்றாள். "முதல் துண்டு. உனக்குத்தான் ரொம்பப் பிடிக்குமே."

அவன் கையை நீட்டினான்.

ஈரப் பருத்தியின் வாடை வந்தது. அவள் பக்கத்திலிருந்த காலி நாற்காலி, தரையை உரசிக்கொண்டு, மேஜையை நெருங்கி வந்தது.