ஒரு பல் வெளுத்தது!

"இது அவரு இல்ல!"

லிட்டியானாவின் அலறலில் லௌடோகா நகரப் பிணவறையே அதிர்ந்தது.

பவளப்பாறைகளில் மோதிச் சிதைந்த முகம். கடல்நீரில் ஊறி ஊதிப்போன உடம்பு. முழுசாக இருந்தவை பற்கள் மட்டும்தான்... பளிச்சென்று!

"நல்லாப் பாத்துட்டீங்களாம்மா?" இன்ஸ்பெக்டர் வசெமதா கேட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு முன்பல்லு கறுப்பு மேடம்! கல்யாணமான புதுசுல ஒரு சண்டை... கோவத்துல கிண்ணத்தத் தூக்கி வீசுனேன். நேரா வாயில பட்டு, பல்லு செத்துக் கறுத்துப்போச்சு. என் கைவேலை அது! எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருடமாக அவளை உறுத்திய அந்தப் பல், இன்றைக்குத்தான் அவளுக்கு வரமானது.

"எமோசி உசுரோடதான் இருக்காருண்ணா! வா, வீட்டுக்குப் போலாம். பசியோட வருவாரு. தேங்காப்பால்ல மீன் வைக்கணும்..."

அண்ணன் சைமோனி நகரவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"மீன் வைக்காத தங்கச்சி."

"ஏன்?"

"அவன் வரமாட்டான்... இது எமோசிதான். பல்ல வெளுக்க வச்சுக்கிட்டான். அந்தக் கறுப்பப் பாக்குறப்பல்லாம் நீ கூனிக்குறுகிப் போறியாம்..."

வசெமதா சட்டென்று திரும்பினாள்.

"பல் டாக்டரம்மா இப்பதான் போன்ல சொன்னாங்க. செத்த பல்லுக்குள்ள மருந்து வச்சு, வாரா வாரம் மாத்தி, வெள்ளிக்கிழமைதான் முடிச்சாங்களாம். 'யாருக்கும் தெரியாது, முதல்ல பொண்டாட்டிகிட்டதான் காட்டப்போறேன்'னு கிளம்பினவரு, வீடு போய்ச் சேரல. உங்களுக்கு எப்படித் தெரியும்... சைமோனி?"

சைமோனி பின்வாங்கினான். வசெமதா வழிமறித்தாள்.

"சொல்லுங்க!"

"படகுத்துறையில பாத்தேன்..." சைமோனியின் குரல் உடைந்தது. "அன்னைக்குத்தான் கரும்பாலையில என்னை வேலையவிட்டுத் தூக்கிட்டாங்க. குடிச்சிருந்தேன். எதிர்ல வந்தவன் ஈன்னு சிரிச்சான். என் நெலமையப் பாத்துதான் இளிக்கிறான்னு... பிடிச்சுத் தள்ளிட்டேன்!"

"அண்ணா!"

"பாறையில விழுந்தப்புறம்தான் சொன்னான்... 'பல்லப் பாரு மச்சான், லிட்டியானா இனிமே சங்கடப்பட வேணாம்'னு. நான் கைய நீட்டுறதுக்குள்ள அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. வாயே தொறக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். ஆனா நீ மீன் வச்சுட்டுக் காத்துக்கிட்டே இருப்பியே தங்கச்சி..."

சைமோனியின் கைகளில் விலங்கு விழுந்தது.

லிட்டியானா குனிந்தாள். அந்தப் பல்லை விரல் நுனியால் தடவினாள். கண்ணீர் சொட்டியது.

"இத்தன வருஷமும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்ச மனுஷன்... ஒரே ஒரு நாள் பல்லு தெரிய சிரிச்சாரு... அதையும் உன்னப் பாத்தாண்ணா சிரிக்கணும்!"