சட்டையை எண்ணிய கப்பல்

"உன்கூட வந்தா எனக்காக யாருட்டி நிப்பா?" தாணுமாலயன் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு மகளைக் கேட்டார். "கப்பல்காரன் ஏற்பாடு பண்ணின சுற்றுலாவுல போனா, பிந்தினாலும் கப்பல் நமக்காக நிக்கும். தனியா படகு பிடிச்சுப் போனவனுக்கு ஒரு நிமிஷம் நிக்காது. அதுதான் சட்டம், கேட்டியா?"

புக்கெட் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றிருந்தது கப்பல். நாகர்கோவிலில் இருந்து சிங்கப்பூர் வந்து, அங்கே கப்பல் ஏறிய குடும்பம். ஏறிய நாளிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் இதே சண்டைதான்.

"நாப்பது பேரை மந்தையா ஓட்டிட்டுப் போவாம்ப்பா," என்றாள் அஜிதா. "நின்னு ஒரு இடத்தைப் பாக்க விடமாட்டான். நான் யூசோப்னு ஒரு படகுக்காரரைப் பேசி வச்சிருக்கேன். அதே குகைத்தீவுக்குத்தான். நம்ம நாலு பேரு மட்டும்."

"பேசி வச்சிருக்காளாம். முகம் தெரியாதவனை நம்பிக் கடல்ல எறங்கணுமாம். போ, நீயும் உன் தம்பியும் போங்க. நடுவழியில நின்னா என்னைக் கூப்பிடாதீங்க."

"நீங்களும் என்னைக் கூப்பிடாதீங்க."

அம்மா பகவதி புருஷன் பின்னால் எழுந்து போனாள். கப்பல்காரர்கள் இருவர் மார்பிலும் ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கையில் கொடி பிடித்த வழிகாட்டி ஒருவன் ஸ்டிக்கர்களை எண்ணி, தலையை ஆட்டி, கூட்டத்தைக் கிளப்பினான். முகத்தைப் பார்த்தானா? இல்லை. சொல்லும்போதே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

அஜிதாவும் தம்பி சுயம்புவும் யூசோப்பின் மரப்படகில் ஏறினார்கள். தண்ணீரில் இருந்து சுவர்போல எழும்பி நிற்கிற சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே படகு பாய்ந்தது. குகைத்தீவின் மறுபக்கத்தில் காற்றடைத்த ரப்பர் தோணிக்கு மாறி, தாழ்வான ஒரு பாறை வாயில் குனிந்து நுழைந்தால், உள்ளே வானம் திறந்த ஒரு குளம்! சுயம்பு கூவிக்கொண்டே குதித்தான். அஜிதாவுக்குக் கூவத் தோன்றவில்லை. அப்பா இதைப் பார்த்திருக்கலாமே என்ற நினைப்பு வந்ததும் எரிச்சல்தான் வந்தது.

மத்தியானம் தாண்டியதும் யூசோப் தண்ணீரைக் காட்டிக் கையை மேலே உயர்த்தினார். கடலேற்றம் தொடங்கிவிட்டது, ஏற ஏறக் குகை வாய்கள் மூடிவிடும். மூவரும் கரைக்குத் திரும்பினார்கள்.

படகுத்துறையில் கப்பல் சுற்றுலாக் கூட்டம் அப்போதுதான் பெரிய படகில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கப்பலுக்குக் கொண்டுபோகிற கடைசி விசைப்படகு காத்திருந்தது. அம்மா கையில் அப்பாவின் கோடுபோட்ட சட்டை.

"அப்பா எங்கம்மா?"

"படகு மாடியில ஆம்பிளையோகூட இருந்தாரு. இப்பம் வருவாரு."

மாடியில் இருந்து கடைசி ஆளும் இறங்கினார். அப்பா இல்லை. பகவதிக்கு வெப்ராளம் பிடித்துக்கொண்டது, பதறிப் பேசினாள். "குகைக்குள்ள ஒரு சாமி இருந்திச்சு மக்கா. மாலை போட்டு, பத்தி கொளுத்தி வச்சிருந்தாவ. இவரு உடனே சட்டையைக் கழத்தி எங்கையில தந்தாரு. கும்பிட்டுட்டு, சுத்தி வாரேன்னு பின்னால போனாரு. அதுக்குள்ள கொடிக்காரன் விசிலடிச்சு எல்லாரையும் வெரட்டினான். ஆம்பிளையோ எல்லாம் மாடிக்குப் போனாவ. அவரும் போயிருப்பாருன்னு நான் கீழ நிழல்ல இருந்துட்டேன்."

நம்ம ஊரில் எந்தப் பெரிய கோயிலானாலும் ஆம்பிளை சட்டையைக் கழற்றாமல் உள்ளே காலெடுத்து வைப்பானா? சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றாமல்தான் வருவானா? அவர் செய்தது அவருக்குச் சரி. சட்டையின் மார்பில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது.

அஜிதா வழிகாட்டி முன்னால் போய் நின்றாள். "எங்க அப்பாவைத் தீவுல விட்டுட்டு வந்திருக்கீங்க."

"வாய்ப்பே இல்லை. நாற்பது போனது, நாற்பது வந்தது. எண்ணிக்கை சரி."

"ஸ்டிக்கரை எண்ணினீங்களா, ஆளை எண்ணினீங்களா?"

அவன் சட்டையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "வேற படகில் கப்பலுக்குப் போயிருக்கலாம். எங்கள் கணக்கில் அவர் திரும்பிவிட்டார். துறைமுகத்தில் புகார் கொடுங்கள். தேட ஆள் அனுப்புவார்கள். நீங்கள் தனியாகப் போனவர்கள். உங்களுக்காகக் கப்பல் நிற்காது."

"தண்ணி ஏறுதுய்யா!" அஜிதாவின் குரல் உடைந்தது. "புகாரை எழுதி, அவன் படிச்சு முடிக்கதுக்குள்ள குகை மூடிரும். எங்க அப்பன் உள்ள நிக்காரு. கூறுகெட்டவனே, உனக்கு ஒரு மனுஷனையும் சட்டையையும் பிரிச்சுப் பாக்கத் தெரியலையா?"

சுயம்பு அவள் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, இவன்கிட்ட கத்துக நேரத்துல போயிரலாம்."

யூசோப் ஏற்கனவே கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். அம்மா மட்டும் அசையவில்லை. கடைசி விசைப்படகின் ஏறுபலகையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். தன் மார்பில் ஒரு ஸ்டிக்கர், மடியில் சட்டையோடு ஒரு ஸ்டிக்கர்.

"நீங்க போங்க மக்கா. நான் கப்பல் சுற்றுலாக்காரி. எனக்குக் கப்பல் நின்னுதானே ஆகணும்? நிக்கட்டும்."

படகு பறந்தது. பாதி வழியில் இன்ஜின் இருமி நின்றது. யூசோப் தன் மொழியில் என்னவோ திட்டிக்கொண்டே குழாயைக் கழற்றி, வாயால் ஊதி மாட்டினார். அஜிதா பலகையைக் கையால் குத்தினாள். காலையில் பேசின பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. நீங்களும் என்னைக் கூப்பிடாதீங்க என்றாளே, பாவி.

இன்ஜின் பிடித்தது. யூசோப் நேரே சாமிக் குகைக்கு விட்டார்; அதன் வாய் பாதிக்குமேல் மூழ்கியிருந்தது. ரப்பர் தோணியில் மூவரும் மல்லாந்து படுத்து, பாறையைக் கையால் தள்ளித் தள்ளி உள்ளே போனார்கள். இருட்டு. சுயம்பு போன் விளக்கை அடித்தான். சாமி மாடத்தின் பாதம்வரை தண்ணீர்.

"அப்பா!"

பதில் இல்லை. பாறைக்குப் பின்னால் சுற்றிப்போகிற தடத்தில் தோணியைத் திருப்பினார்கள்.

"அப்பா! நான் அஜிதாப்பா!"

"எந்தச் சவம்ல அது?" உள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது. "கொடிக்காரப் பயலா? பக்கத்துல வா, கொடிக்கம்பை ஒடிக்கேன்!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அஜிதாவுக்கு. தாணுமாலயன் ஒரு பாறை இடுக்கில், இடுப்பளவு தண்ணீரில், வெறும் மார்போடு நின்றார். மூன்றாம் சுற்றில் கால் வழுக்கி, சிப்பி கிழித்து, பாதத்தில் ரத்தம். எழுந்து வருவதற்குள் வந்த தடம் தண்ணீருக்குள் போய்விட்டது.

அவரைத் தூக்கித் தோணியில் போட்டார்கள். நாலு பேர் பாரத்தோடு குகை வாய்க்கு வந்தால், திறப்பு ஒரு முழம்கூட இல்லை. தோணி முட்டி நின்றது. ஒவ்வொரு அலைக்கும் பாறை முகத்துக்கு நெருங்கியது.

யூசோப் தோணியின் ஓரத்து மூடியைத் தட்டிக் காட்டி, வாயால் 'புஸ்' என்றார். காற்றை இறக்கச் சொல்கிறார்!

"கடல்ல வச்சா காத்தைப் பிடுங்குவா?" அப்பா அலறினார்.

"படுத்துக் கெடங்கப்பா!" அஜிதா மூடியைத் திருகினாள். காற்று சீறியது. தோணி துவண்டு தாழ்ந்தது, தண்ணீர் முதுகை நனைத்தது. "மூச்சை அடக்குங்க!" நாலு பேரும் பாறைக் கூரையில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளினார்கள். அஜிதாவின் நெற்றித் தோல் உரிந்தது. அடுத்த தள்ளலில் கண்ணில் வெயில் அடித்தது.

துறைக்கு வரும்போது விசைப்படகு அங்கேயே நின்றது. வெள்ளைச் சீருடை போட்ட அதிகாரிகள் அம்மாவைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். ஏறச் சொல்லியும் பார்த்திருக்கிறார்கள், கெஞ்சியும் பார்த்திருக்கிறார்கள். பலகையை விட்டு அவள் எழவில்லை. தூரத்தில் அத்தனை பெரிய கப்பல் சங்கு ஊதிக்கொண்டு நின்றது.

பகவதி எழுந்து வந்து புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "முதல்ல சட்டையைப் போடுங்க," என்றாள். பிறகுதான் அழுதாள்.

வழிகாட்டி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். தாணுமாலயன் சட்டையில் இருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து அவன் கையில் வைத்து அழுத்தினார். "இதைப் பத்திரமா கூட்டிட்டுப் போ. என்னைக் கூட்டிட்டுப் போக என் பிள்ளையோ இருக்கு." யூசோப்பைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

விசைப்படகில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் தன் சட்டை நுனியை நனைத்து, அவள் நெற்றிக் காயத்தில் ஒற்றினார்.

"காலம்பற கேட்டேம்லா, எனக்காக யாரு நிப்பான்னு."

"அம்மாதான் நின்னாப்பா. நான் ஓடினேன்."

"கப்பல் நிக்கும்னு நெனச்சேன் மக்கா," என்றார்.

கப்பல் ஏணியில் ஏறும்போது, நொண்டிக்கொண்டே திரும்பி நின்று, மூன்று பேரின் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். தன் தலையையும் தொட்டுக்கொண்டார். நாலு. அதன் பிறகுதான் மேலே போனார்.