பிற்பாட்டு

கூத்துப் பாட்டுகள் எழுதிய பழைய கொப்பியைப் புஸ்பம் இரண்டு கையாலும் நீட்டினாள். அதன்மேல் ஒரு வெற்றிலை இருந்தது. உதயரூபன் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை.

“ஆருக்கு மனே இது?”

“மச்சாளுக்கு. கம்பஸில நாடகம் படிக்கிறா.”

“பேர்?”

“கம்சாயினி.”

“அரசிக்குக் கம்சாயினி,” என்றாள் புஸ்பம். அவனிடம் சொல்வதுபோல் இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் நிற்கும் யாருக்கோ சொல்வதுபோல் இருந்தது. பிறகுதான் கையை எடுத்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். முற்றத்தில் மார்கழி மழை மட்டும் நின்று பெய்தது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கூத்துப் பழகத் தொடங்கும் நாளில், பழக்குகிற அண்ணாவியார் அவரவர் பாட்டை வெற்றிலையோடு கையில் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்பார்கள். பாத்திரத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அரங்கேற்றம் முடியும்வரை அந்த ஆள் விலக முடியாது. விலகினால் இன்னொருவர் அதை எடுத்தாக வேண்டும். பாட்டு ஆளில்லாமல் நிற்கக் கூடாது. புஸ்பத்தின் செத்துப்போன புருஷன் அண்ணாவியாராக இருந்தவர். ஆனால் உதயரூபன் கூத்தாட வரவில்லை. கொக்கட்டிச்சோலைக்குப் பரிசு ஒன்று வாங்க வந்தவன். கேட்டாள், பெயரைச் சொன்னான். அவ்வளவுதான்.

“மாசியில ஒரு பிள்ள வந்திச்சே, இந்தக் கொப்பிக்கு,” என்றாள் புஸ்பம்.

“அவ என்ட மனிசி. செத்துட்டா.”

புஸ்பம் தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை. “சுகமாத்தான் நிண்டா. ஆருக்கு எண்டு கேட்டன். தன்ட பேரச் சொன்னா. மழை விட்டாப் பிறகு வந்து எடுக்கிறன் எண்டு இஞ்சயே வெச்சிட்டுப் போயிற்றா. பாவம். அரசி பத்து மாசமா ஆளில்லாம நிக்கிறா.”

“விசர்க்கதை கதைக்காதீங்க பெரியம்மா.”

“கோவம் நல்லதுதான் மனே. தொண்டை கட்டாது.”

அவளை அறைந்திருப்பான். கை அவ்வளவு தூரம் வந்தது. வெற்றிலையை உள்ளே வைத்துக் கொப்பியை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். மண்முனைப் பாலத்தில் வாவி இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஊதிக் கிடந்தது. பாலம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். தன் தங்கச்சி கம்சாயினியின் கடைசி வருஷ நாடகத்துக்கு நூறு வருஷத்துக் கொப்பி ஒன்றைப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று அவன் மனைவி தனுஷியா மாசியில் ஒற்றைக் காலில் நின்றாள். இந்தப் பாலத்தால்தான் மழையில் நனைந்து திரும்பி வந்தாள். மறுநாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் அவள் கைப்பையை நேர்ஸ் ஒருத்தி பொலித்தீன் பையில் போட்டு அவனிடம் கொடுத்தாள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அழுகை வரவேயில்லை.

அமிர்தகழியில் வீட்டைத் திறந்தபோது பின்னேரம் மூன்று மணி. கரண்ட் இல்லை. தகரத்தில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வளவின் பின்பக்கம் கண்டல் பற்றைக்குள் தவளைகளின் சத்தம். அதற்கும் கீழே, குசினித் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழும் நீரின் சத்தம். ஜன்னலால் வந்த வெளிச்சம் பாசி படிந்த தண்ணீருக்குள்ளால் வருவதுபோல் மேசைவரை வந்து நின்றுவிட்டது. ஐந்து மணிக்குக் கம்சாயினி வருவாள். அதற்குள் பொதி செய்து வைக்க வேண்டும்.

கொப்பி நனையவில்லை. கற்பூரமும் எண்ணெய்ப் புகையும் பழைய நெல்லும் கலந்த வாடை அதிலிருந்து எழுந்து அறை முழுவதும் பரவியது. மண்ணிற மையில் சாய்ந்த எழுத்து. இதற்காகவா போய்ச் செத்தாய் என்று பார்க்கத்தான் திறந்தான். அரசியின் முதல் வரியை நையாண்டியாக, உரத்து வாசித்தான்.

“வாறேனே அரசி வாறேனே – இந்த வாவிக் கரை கடந்து வாறேனே.”

குசினிக்குள்ளிருந்து அதே வரி வந்தது.

கூத்தில் ஆடுபவர் ஒரு வரி பாடினால் பின்னால் நிற்பவர்கள் அதைத் திரும்பப் பாடுவார்கள். பிற்பாட்டு. அப்படித்தான் வந்தது, அவசரமில்லாமல், அரைச் சுருதி தாழ்ந்து. ‘கரை’ என்ற சொல்லுக்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு. பீனிசக்காரியின் இழுப்பு. ஆறு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இழுப்பு.

அவன் எழும்பவில்லை. பயம் வருமுன் கோபம்தான் வந்தது. பத்து மாதம். ஒரு கனவில்கூட வராதவள்.

“எங்கடி போனாய்?” என்றான்.

தொட்டிக்குள் நீர் சொட்டியது.

அடுத்த வரியை வாசித்தான். பிற்பாட்டு வந்தது. அடுத்தது. வந்தது. நிறுத்தினால் நின்றது. வாசித்தால் வந்தது. அவள் சொந்தமாக ஒரு சொல்லும் பேசமாட்டாள், திருப்பித்தான் சொல்லுவாள் என்பது விளங்கியதும் ஆத்திரத்தோடு பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்தான், தொண்டை கரகரக்க, அவளைக் குசினியிலிருந்து இழுத்து எடுப்பவன்போல. குரல் குசினியிலிருந்து வந்தது. பிறகு நடையிலிருந்து. பிறகு படுக்கையறை வாசலில் தொங்கிய சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சேலை அசையவில்லை. ஆஸ்பத்திரிப் பினாயில் வாடை.

போன் அடித்தது. கம்சாயினி.

“அத்தான், மத்தியானத்தில இருந்து எனக்கு மேல் காயுது. ஆனா வாறன். ஆட்டோவில ஏறிட்டன்.”

“எத்தின மணிக்குத் தொடங்கினது?”

“பன்னெண்டு இருக்கும். ஏன்?”

பன்னிரண்டு மணிக்கு அவன் புஸ்பத்தின் வாசலில் நின்றான். பெயரைச் சொல்லிக்கொண்டு.

“ஒரு பாட்டு மண்டைக்குள்ள சுத்துது அத்தான். எங்க கேட்டனெண்டு தெரியல்ல.” மெதுவாகப் பாடிக் காட்டினாள். “ஆரெனக்கு வெள்ளை பிடித்தீரோ – என்னை அக்கரையில் நின்று அழைத்தீரோ.”

அவன் வாசிக்காத வரி. பக்கத்தைப் புரட்டினான். இருந்தது. அச்சொட்டாக.

“வராத. ஆட்டோவத் திருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“ஏன் ஏசுறீங்க?”

“போகச் சொன்னாப் போ.”

லைன் அறுந்தது. திரும்ப எடுத்தான். அவள் எடுக்கவில்லை. திரும்ப. திரும்ப.

கொப்பியோடு எழும்பி நின்றான். வெற்றிலை இன்னும் உள்ளே இருந்தது. அதை எடுத்துக் கொப்பியின்மேல் வைத்தான். சேலையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, கத்தினான்.

“அரசிக்கு உதயரூபன். சட்டத்த நான் எடுக்கிறன். கேட்குதா தனு? அரசிக்கு உதயரூபன்.”

மழை ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது. பிறகு பிற்பாட்டு வந்தது. சேலைக்கு மிக அருகில். மூக்கால் ஒரு இழுப்பு.

“அரசிக்குக் கம்சாயினி.”

முதல் தடவையாக அவள் மாற்றிப் பாடினாள்.

“அவ உன்ட தங்கச்சி.”

“அரசிக்குக் கம்சாயினி.”

கொப்பியைக் கிழித்தான். தாள் தாளாக. வாய்க்கு வந்த தூஷணமெல்லாம் சொல்லி. கிழிந்த தாள்கள் நிலத்தில் கிடந்தன. பாட்டு நிற்கவில்லை. இப்போது யாரும் வாசிக்கவில்லை. பாட்டு நடந்தது.

வெளியே ஆட்டோ நின்ற சத்தம். கேற் திறந்தது.

“உள்ள வராத.”

குரல் எழும்பவில்லை. தொண்டைக்குள் வேறு ஏதோ இருந்தது.

கூத்தில் ஒருவர் முதன்முதல் களரிக்கு வரும்போது இரண்டு பேர் முன்னால் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பிடிப்பார்கள். ஆள் தெரியாது. பாதம் மட்டும் தெரியும். பாதம் ஆடத் தொடங்கிய பிறகுதான் துணி விலகும்.

முன்வாசலில் வெள்ளை விரிந்திருந்தது. படுக்கை விரிப்பு. எப்போது, யார் எடுத்தது. கீழே இரண்டு பாதங்கள். ஈரம். சேறு. கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

வலது மூலையை ஒரு கை பிடித்திருந்தது. புறங்கையில் சேலைன் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்டர். நகங்கள் நீலம்.

இடது மூலையைப் பிடித்திருந்த கையை அவன் கடைசியாகத்தான் பார்த்தான். அது அவனுடையது.

துணிக்குப் பின்னால் கம்சாயினி பாடினாள். வலது பாதம் எழுந்தது. தட்டியது. அவன் வாய் திறந்தது. தனுஷியாவோடு சேர்ந்து, சுருதி பிசகாமல், அவன் பிற்பாட்டுப் பாடினான்.