அப்பாவுக்குத் தெரியாத ஊர்கள்

திருச்சுழி தாண்டி வீரசோழன் ஊருக்குப் போகும் ரோட்டில் ஸ்கூட்டி ரெண்டு தரம் இருமியது... அப்படியே நின்றுவிட்டது.

அமுதவள்ளிக்கு நெஞ்சு திக்கென்றது. பெட்ரோல் சொட்டு இல்லை. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. ஒரு ஆள் அரவமில்லை.

அருப்புக்கோட்டையில் டீச்சர் அவள். "லீவுலயும் ஸ்பெஷல் கிளாஸ்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தினமும் மல்லாங்கிணற்றிலிருந்து கிளம்புவாள். கிளாஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாள் காரியாபட்டி, ஒருநாள் நரிக்குடி... பார்க்காத தெரு, தெரியாத டீக்கடை, முகத்தில் மோதும் காற்று. அந்தக் காற்றுக்காகத்தான் இத்தனை பொய்யும். அப்பாவுக்கு மட்டும் தெரிந்தால்...

மைக்செட் ஏற்றிய வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன டீச்சர், வண்டி மக்கர் பண்ணுதா?"

டீச்சரா! நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கிற கண்கள். பார்த்த நிமிஷமே உள்ளே ஏதோ நழுவியது... அடுத்த நிமிஷமே பயம் வந்து அதை அமுக்கியது.

"என்னைய எப்படித் தெரியும்?"

"சோணைமுத்து. வருசா வருசம் ஒங்க ஊர்க் கோயில் பொங்கலுக்கு நம்ம மைக்செட்டுதான். தவசி அய்யா மகதான நீங்க?"

"அப்பாகிட்ட சொல்லிறாதீக!" வார்த்தை தானாகத் தெறித்தது.

"ஓஹோ... அப்படியா சேதி? சொல்லாம இருந்தா என்ன தருவீக?"

விளையாட்டாகத்தான் கேட்டான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் கேனில் இருந்து ஊற்றிய பெட்ரோலுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஊர் சுற்றல் ருசிக்கவில்லை. எங்கே மைக்செட்டுக் குழாய் பாடினாலும் வண்டியை வேறு பக்கம் திருப்பினாள். சொல்லியிருப்பானோ... சொல்லிவிடுவானோ... இந்தப் பாழும் மனசு ராத்திரியெல்லாம் அவன் சிரிப்பையே நினைத்தது. அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

மல்லாங்கிணற்றில் கோயில் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டினார்கள். சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனவள் அப்படியே உறைந்தாள். வாசலில் வேன். அப்பாவும் சோணைமுத்துவும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா புருவத்தைச் சுருக்கினார்.

போச்சு. எல்லாம் போச்சு.

அவன் சொல்லி அப்பா தெரிந்துகொள்வதா? வேண்டாம்... நானே சொல்லிவிடுகிறேன். தடதடவென்று படியிறங்கி ஓடினாள்.

"அப்பா, ஸ்பெஷல் கிளாஸே கெடையாது! ஊரு பாக்கத்தான் போனேன். ஒத்தையில போனேன். இவுக சொன்னது நெசந்தான்!"

தவசி திகைத்தார். "ஏத்தா, இவன் கரண்டு எங்கெருந்து எடுக்கட்டும்னுல்ல கேட்டுக்கிட்டிருந்தான்?"

அமுதவள்ளிக்குக் காது மடல் பற்றி எரிந்தது. சோணைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கிட்டச் சொல்லிட்டுப் போனா வேணாம்னா சொல்லப்போறேன்?" என்று கேட்டார் அப்பா.

"சொல்லுவீகப்பா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆமா... சொல்லுவேன்தான்," என்றார். "பொம்பளப்பிள்ள, பயமா இருக்குல்ல? இனிமே எங்க போனாலும் சொல்லிட்டுப் போத்தா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.

பொட்டுப் பொட்டாகக் கோடை மழை விழுந்தது. நனையும் குழாய்களைத் தார்ப்பாயால் மூடப் போன சோணைமுத்து, பாதியில் திரும்பினான்.

"அன்னிக்கு அப்படிக் கேட்டது தப்புத்தான். நீங்க மொறச்சுட்டுப் போனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

"மொறச்சா சோறு ஏன் எறங்காதாம்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீகளே..." மழை வழிந்த முகத்தோடு அவளை நேராகப் பார்த்தான். "ஒங்களப் பிடிச்சிருக்கு டீச்சர். எப்பயோ பிடிச்சிருச்சு. சொல்லத்தான் பயம்."

அவள் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக் குழாய்களின் மேல் இழுத்துவிட்டாள்.

"நாளைக்கு எந்த ஊருல மைக்செட்டு?"

"வீரசோழன் பக்கம்... ஏன்?"

"அப்பாகிட்டச் சொல்லிட்டு வாரேன்," என்றாள் அமுதவள்ளி.